ஊர் சலூனில் எங்களுக்கு முடி வெட்ட மறுக்கிறார்கள். சட்டப்படி எதுவும் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் "ஜாதிக்காகத்தான் மறுத்தார் என்று எப்படி நிரூபிப்பது?" என்றும் கேட்டிருக்கிறீர்களே, எங்கள் வீட்டிலும் அங்கேதான் மாட்டிக்கொண்டு முழித்தோம்.

எனக்கு அரூர் பக்கம் ஒரு கிராமம். காலனியில் பிறந்தவன். சின்ன வயதில் அப்பா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றி அரூருக்குக் கூட்டிப்போய் முடி வெட்டிவிடுவார், வரும்போது போண்டா. டவுன் சலூன் என்று பெருமையாக இருக்கும். ஊரிலேயே கடை இருந்தும் ஏன் பஸ் ஏறுகிறோம் என்பது ஏழாவது படிக்கும்போதுதான் உறைத்தது. பிறகு ஓசூரில் கம்பெனி வேலை. அங்கே சலூன்காரர் எந்த ஷிப்ட் என்று மட்டும்தான் கேட்பார்.

சில வருடங்களுக்கு முன் தம்பி ஊர்க் கடைக்கே போனான். முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்லவில்லை. முதல் நாள் கரண்ட் இல்லை. மறுநாள் கத்தரி சாணைக்குப் போயிருந்தது. மூன்றாம் நாள் "ஆள் இருக்காங்கப்பா, அப்புறம் வா."

தீண்டாமையைத் தண்டிக்கும் 1955-ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை (ஆங்கிலச் சுருக்கம் பிசிஆர்) எழுதியவர்களுக்கு இந்தச் சாக்கெல்லாம் அத்துப்படி போலிருக்கிறது. 'கடை' என்பதற்கான விளக்கத்திலேயே சலூனையும் சலவைக் கடையையும் சேர்த்திருக்கிறார்கள். 12-வது பிரிவை ஒருமுறை படியுங்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராக இந்தச் சட்டத்தில் சொன்ன குற்றம் நடந்தால், அது தீண்டாமையால்தான் நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது எதிராளியின் பொறுப்பு. உங்களுக்கு மறுத்ததைக் காட்டினால் போதும்: தேதி, நேரம், கூட இருந்தவர், உங்களுக்குப் பின்னால் வந்தவருக்கு வெட்டியது. தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய் அபராதம். அபராதம் இன்றைக்கு நாலு கட்டிங் காசு, சரி.

ஊரில் எல்லாவற்றையும் 'பிசிஆர் கேஸ்' என்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 வேறு. 2015 திருத்தத்துக்குப் பிறகு கடைக்குள் நுழையவிடாமல் தடுப்பது அதிலும் வருகிறது. அந்த வழக்கை டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும்.

கடைக்காரர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. "உனக்கு வெட்டினா அவங்க யாரும் வரமாட்டாங்கப்பா" என்று தம்பியிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அப்படிக் கடைக்கு வரமாட்டோம் என்று மிரட்டித் தூண்டுகிறவர்களையும் 1955 சட்டத்தின் 7-வது பிரிவு பிடிக்கும். யாரென்று தெரிந்தால் மனுவில் எழுதுங்கள்.

ஸ்டேஷனில் "பேசி முடிச்சுக்கலாமே" என்றார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். "வாச்சாத்திக்காரங்களுக்கு 1992-ல நடந்ததுக்குத் தீர்ப்பு 2011-லதான் வந்துச்சு. நீ முடிக்காகக் கோர்ட்டுக்குப் போறியா?" அரூர் பக்கத்து மலைவாழ் மக்கள் ஊரான வாச்சாத்தியில் வனத்துறையினரும் போலீசும் நடத்திய கொடுமைக்கான அந்தத் தீர்ப்பில் 215 பேருக்குத் தண்டனை கிடைத்ததையும் சொன்னேன். முறைத்தார்.

மனுவைப் பிரிவு எண்களோடு எழுதி, தர்மபுரி எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் இதுதான் வழி. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வன்கொடுமைப் புகார்களுக்கு 14566 என்ற இலவச எண்ணும் இப்போது இருக்கிறது. பத்து நாளில் போலீசும் வருவாய்த் துறையும் ஊருக்கு வந்து, எல்லோருக்கும் வெட்டுவதாக எழுதி வாங்கினார்கள். கேஸ் போடவில்லை, அதில் எனக்கு வருத்தம்தான். கடை மூன்று வாரம் பூட்டியே கிடந்தது.

திறந்ததும் தம்பி போய் வெட்டிக்கொண்டு வந்தான். வெட்டு சுமார்தான். அப்பா இன்னும் அரூருக்குத்தான் பஸ் ஏறுகிறார்.