பழைய பிஎல்சியோடு மல்லுக்கட்டும் மகன்: ஓர் அம்மாவின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. டிப்ளமோ முடித்து, தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்த மகன், மெஷின்களை இயக்கும் சிறு கம்ப்யூட்டர்களான பிஎல்சி பெட்டிகளில், யாரும் இப்போது வாங்காத பழையவற்றோடு காலத்தைக் கழிக்கிறானே, இதில் என்ன எதிர்காலம் என்பது ஒன்று. அந்தப் பெட்டிகளுக்கான சாஃப்ட்வேரைத் தேடி ராத்திரி முழுக்கக் கண்ட கண்ட இடங்களில் டவுன்லோடு செய்கிறானே, வம்பில் மாட்டிக்கொள்வானோ என்பது இன்னொன்று. முதல் கவலையை நீங்கள் பாதிக்கு மேல் இறக்கி வைத்துவிடலாம். இரண்டாவது நியாயமான கவலை.

சீமென்ஸ் கம்பெனியின் எஸ்5 என்ற பிஎல்சி வரிசை 1979-ல் வந்தது. அதற்கு அடுத்த எஸ்7 வந்தது 1990-களின் நடுவில். இவற்றை வைத்துக் கட்டிய மெஷின்களில் பல இன்றும் ஓடுகின்றன. ஒரு பிரஸ்ஸோ கன்வேயரோ நல்ல பராமரிப்பில் முப்பது, நாற்பது வருஷம் உழைக்கும். கம்ப்யூட்டருக்கு அந்த ஆயுள் கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014-லும், விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020-லும் முடிந்துவிட்டன. ஆகவே மெஷின் நன்றாக இருக்கிறது, அதற்குள் இருக்கும் புரோகிராமைத் திறந்து பார்க்கத்தான் வழியில்லை. உற்பத்தி நின்று எல்லோரும் கையைப் பிசையும்போது அதைத் திறக்கத் தெரிந்தவனுக்கு எங்கும் மதிப்பு உண்டு. தெரிந்த மூத்தவர்களோ ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி சாஃப்ட்வேர் விஷயம். இந்தப் பகுதியை உங்கள் மகனிடமே படிக்கக் கொடுங்கள்.

தம்பி, பழைய பெட்டிக்குப் பழைய சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதே. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை முழுசாகக் குறித்துக்கொள். எஸ்7-300 என்றால், சீமென்ஸின் இன்றைய புரோகிராமிங் சாஃப்ட்வேரான டிஐஏ போர்ட்டலில் ஸ்டெப் 7 புரொஃபஷனல் பதிப்பே சில சமயம் போதுமானதாக இருக்கலாம். ஓம்ரான் கம்பெனியின் சி200எச், சிக்யூஎம்1 போன்ற பெட்டிகளை அதன் சிஎக்ஸ்-ஒன் சாஃப்ட்வேர் தொகுப்பில் உள்ள சிஎக்ஸ்-புரோகிராமர் திறக்கும். எஸ்5-க்கு ஸ்டெப் 5, ராக்வெல் கம்பெனியின் ஆலன்-பிராட்லி எஸ்எல்சி 500-க்கு ஆர்எஸ்லாஜிக்ஸ் 500 என்று தனியாகத் தேவைப்படும் இடங்களில்தான் தேடலே ஆரம்பிக்கிறது.

தேடலை உன் தொழிற்சாலைக்குள்ளேயே ஆரம்பி. மெஷின் வந்தபோது கொடுத்த ஃபைல்கள், மின் வரைபடங்கள், சிடிக்கள், லைசென்ஸ் சான்றிதழ் எல்லாம் ஏதோ ஒரு அலமாரியில் இருக்க வாய்ப்பு அதிகம். ஃப்ளாப்பி கிடைத்தால் அவசரப்பட்டு ஃபார்மேட் செய்துவிடாதே. அந்தக் காலத்து சாஃப்ட்வேர்களில் லைசென்ஸ் சாவியே ஃப்ளாப்பியில்தான் இருந்தது. கம்ப்யூட்டருக்கு மாற்றினால் சாவி ஃப்ளாப்பியை விட்டுப் போய்விடும். பிறகு அந்தக் கம்ப்யூட்டரை அழித்தால் சாவியும் அதோடு போயிற்று. அடுத்து, கம்பெனி பெயரில், மாடல் எண்ணோடும் பழைய லைசென்ஸ் எண்ணோடும் தயாரிப்பாளரின் விநியோகஸ்தருக்கு எழுதச் சொல். லைசென்ஸ் வைத்திருப்பவர் முறையாகக் கேட்டால் பழைய பதிப்பு கிடைக்க வழி உண்டு. வீட்டில் பழகுவதற்கு ராக்வெல் இலவசமாகத் தந்த ஆர்எஸ்லாஜிக்ஸ் மைக்ரோ ஸ்டார்ட்டர் லைட் போதும். மைக்ரோலாஜிக்ஸ் 1000, 1100 என்ற சிறிய பிஎல்சிகளுக்கானது என்றாலும் கட்டளைகள் எஸ்எல்சி குடும்பத்தின் சாயல்தான்.

சாஃப்ட்வேர் கிடைத்த பிறகும் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். 16-பிட் புரோகிராம்கள் 64-பிட் விண்டோஸில் ஓடாது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்போல ஓடும் விர்ச்சுவல் மெஷினில் பழைய விண்டோஸ் போடுவது ஒரு வழி, நிஜ சீரியல் போர்ட் உள்ள பழைய லேப்டாப் இன்னொரு வழி. நேராக சீரியல் போர்ட்டோடு பேசும் டாஸ் காலத்து புரோகிராம்களுக்கு யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் அடிக்கடி ஒத்துவராது. எஸ்5-ன் புரோகிராமிங் போர்ட் 20 மில்லி ஆம்பியர் கரன்ட் லூப் வகை. சாதாரண சீரியல் கேபிளை நேராகச் சொருகினால் வேலை நடக்காது, இடையில் அதற்கான கன்வெர்ட்டர் வேண்டும்.

கிராக் செய்த பிரதிகள் பக்கம் மட்டும் போகாதே. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிஎல்சி பாஸ்வேர்டை மீட்டுத் தருவதாக விற்கப்பட்ட ஒரு கருவிக்குள் சாலிட்டி என்ற வைரஸ் இருந்ததை 2022-ல் ட்ராகோஸ் என்ற தொழிற்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. பாஸ்வேர்டும் உண்மையாகவே வந்தது, கூடவே வைரஸும் வந்தது. 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீம்பொருள், ஸ்டெப் 7-ன் ஒரு ஃபைலையே மாற்றி வைத்து, பிஎல்சியில் தான் செய்த மாற்றத்தை மறைத்தது. நீ லேப்டாப்பைச் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் கை வைத்து வேலை செய்கிறார்கள். மேலதிகாரி 'எங்கிருந்தாவது இறக்கு' என்று சொன்னால், லைசென்ஸ் வாங்க அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பு. அதற்குப் பிறகும் அதே பதில் வந்தால் வேறு வேலை தேட ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து.

கேபிள் சொருகியதும் முதல் வேலை, பிஎல்சிக்குள் இருக்கும் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து (இதைத்தான் அப்லோடு என்பார்கள்) இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துவது. பேட்டரி விளக்கு எரிகிறதா பார். பல பழைய பெட்டிகளில் புரோகிராமைக் காப்பது ஒரு சின்ன லித்தியம் பேட்டரிதான். அது தீர்ந்திருக்கும்போது பவரை நிறுத்தினால் புரோகிராம் போய்விடும். பொதுவாக அதைப் பவர் இருக்கும்போதே மாற்றுவார்கள். மேனுவலைப் படித்து, மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

அப்படி எடுத்த புரோகிராமில் பெரும்பாலும் பெயர்களோ குறிப்புகளோ இருக்காது. அவை புரோகிராம் எழுதியவரின் கம்ப்யூட்டரில் இருந்தவை. வெறும் எண்கள்தான் வரும். மெஷின் நிற்கும் நேரத்தில் ஒவ்வொரு சென்சராகத் தொட்டு, எந்த இன்புட் விளக்கு எரிகிறது என்று பார்த்து, 'இது கதவு லிமிட் ஸ்விட்ச், இது ஆயில் பிரஷர்' என்று நீயே எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் மெஷினின் நாடி பிடிபடுவது இங்கேதான், நேர்முகத் தேர்வில் நீ விரித்துக் காட்டக்கூடியதும் இதுதான்.

அம்மா, எதிர்காலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய பெட்டியை மட்டும் தெரிந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டால் ஆபத்து உண்டு. பழையதைப் படித்து அதைப் புதியதாக மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் நல்ல சம்பளம். பிஎல்சிக்குப் புரோகிராம் எழுதும் லேடர் மொழியின் தர்க்கம் பெரிதாக மாறவில்லை. பிஎல்சி மொழிகளுக்காக 1993-ல் வந்த ஐஈசி 61131-3 என்ற சர்வதேசத் தரத்தைத்தான் இன்றைய சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் ஒட்டிப் போகின்றன. வீட்டில் செலவில்லாமல் பழக கோடெசிஸ், ஓபன்பிஎல்சி என்ற புரோகிராமிங் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. பழைய மெஷினில் எடுத்த ஒரு பகுதியை அவற்றில் திரும்ப எழுதிப் பார்க்கட்டும்.

இதுவரை டவுன்லோடு செய்த அந்த லேப்டாப்பை மட்டும் எந்த மெஷினிலும் சொருக வேண்டாம் என்று இன்றைக்கே அவனிடம் சொல்லுங்கள். டிஸ்க்கை முழுக்க அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகு அதை எடுத்துப் போகட்டும்.