கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் ஏன் வேற கம்பெனியின்ட வீடியோ பெட்டிக்கு சாமான் குடுக்கிறான்?

நீங்களும் கமராப் படம் பதியிற டிவிஆர் பெட்டியையோ பிளேயரையோ கழட்டிப் பாத்து, உள்ளுக்க கம்ப்யூட்டர் சாமான் இருக்கிறதக் கண்டுதான் கேக்கிறீங்க எண்டு நினைக்கிறன். இதே விஷயத்தால என்னை ஒருத்தர் கள்ளன் எண்டவர், அதான் எழுதுறன்.

திருகோணமலை என்சி ரோட்டுப் பக்கம் சின்ன ரிப்பேர் கடை வச்சிருக்கிறன். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்ட நேரம், நிலாவெளியில கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற ஐயா ஒருத்தர் சிசிடிவி டிவிஆரைக் கொண்டு வந்தார், ரெக்கோட் ஆகுதில்லையாம். அவருக்கு முன்னாலயே கழட்டினன், கரண்ட் போய்ப் போய் வந்ததில ஹாட் டிஸ்க் செத்துப் போச்சு. பெட்டியில ஒரு பேர், டிஸ்க்ல கம்ப்யூட்டருக்கு டிஸ்க் செய்யிற கம்பெனியின்ட பேர். "தம்பி இது கம்ப்யூட்டர்ல போடுறதெல்லோ, போன மாசம் கிளீன் பண்ணத் தந்தனான், நீர் நல்லதைக் கழட்டிப்போட்டு இதைப் போட்டிட்டீர்" எண்டு கடையில சனம் நிக்கேக்க சத்தமாச் சொன்னார். கடற்காத்துக்கு போர்ட்டில பச்சை பிடிச்சிருந்தது, அதைத் துடைச்சுக் குடுத்தது மட்டும்தான் நான் செய்த வேலை.

டிவிஆர் கம்பெனி ஹாட் டிஸ்க் செய்யிறேல்ல. உலகத்திலயே இப்ப அதைச் செய்யிறது மூண்டே மூண்டு பேர், சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்ற எல்லாரும் அவையிட்டத்தான் வாங்கோணும். கமராப் பெட்டிக்கெண்டே ஊதா லேபல் ஒட்டின டிஸ்க்கை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2014ல விடத் தொடங்கினது, இரவு பகலா எழுதிக்கொண்டே இருக்கிற வேலைக்கு.

குடுக்கிறவனுக்கு என்ன லாபம் எண்டால், டிஸ்க்கோ சிப்போ, அதை டிசைன் பண்ணி பக்டரியை ஓட விடத்தான் பெரிய காசு போகுது, அதுக்குப் பிறகு எவ்வளவு கூட விக்குதோ அவ்வளவுக்கு அந்தக் காசு திரும்பி வரும். 2001ல வந்த மைக்ரோசொப்ட்டின்ட கேம் பெட்டி, முதல் எக்ஸ்பாக்ஸ்ல, இன்டெல் கம்ப்யூட்டருக்குச் செய்த பென்டியம் 3 வகை சிப்தான். தோஷிபா அப்ப தானே லேப்டொப் செய்த கம்பெனி, அதின்ட 2006 எச்டி டிவிடி பிளேயர் எச்டி-ஏ1க்குள்ளயே இன்டெல்லின்ட பென்டியம் 4ம் 1 ஜிபி ராமும் இருந்தது. 2013ல சோனியின்ட கேம் பெட்டி பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் வன்னுக்கும் ரெண்டுக்குமே கம்ப்யூட்டர் சிப் செய்யிற ஏஎம்டிதான் சிப் குடுத்தது, கம்ப்யூட்டர் விற்பனை விழுந்துகொண்டிருந்த நேரம், அதுகள் ரெண்டில எது வெண்டாலும் ஏஎம்டிக்கு யாவாரம். அது அந்தப் பெட்டிக்கெண்டே செய்த கஸ்டம் சிப், கம்ப்யூட்டர் சிப் இல்ல எண்டு இஞ்சினியர்மார் சண்டைக்கு வருவினம், வாங்கோ, அதுக்குள்ள கணக்குப் போடுற ஜகுவார் கோர் எண்ட பகுதி கம்ப்யூட்டருக்கும் வந்ததுதான்.

இதையெல்லாம் அண்டைக்குச் சொல்ல வெளிக்கிட்டன், ஐயா கேக்கேல்ல. கொழும்பில வாங்கின கடைக்காரனுக்குப் போன் அடிச்சு, அவன் "உள்ளுக்க அதுதான் இருக்கும்" எண்டு ஒரு வசனம் சொன்ன பிறகுதான் நம்பினவர். எனக்கு அதுதான் இண்டை வரைக்கும் கொதி. பில்லும் குடுக்காம வித்தவன்ட பேச்சுக்கு இருக்கிற மதிப்பு கண்ணுக்கு முன்னால கழட்டிக் காட்டினவனுக்கு இல்ல. சாமானை அங்க வாங்குவினம், பழுதெண்டால் இஞ்ச வருவினம், அதிலயும் விலை குறைக்கச் சொல்லுவினம்.

இப்ப ஆர் எதைக் கொண்டு வந்தாலும் மூடியைத் திறந்த உடன டிஸ்க்கின்ட சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து அவையின்ட வட்ஸ்அப்புக்கு அனுப்பிப்போட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவர் வைக்கிறன்.