குருவானவர் வராத ஞாயிறுகளில்

வாசகர் கேள்வி

எங்கள் குடும்பம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தென் செபராங் பிறையில் உள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்தது. ரப்பர் காலத்தில் கட்டப்பட்ட சிறிய ஆங்கிலிக்கன் ஆலயம் ஒன்று அங்கே இன்னும் இருக்கிறது. செம்பனை வந்து, பிள்ளைகள் பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் வேலை தேடிப் போன பிறகு, பதினொரு தமிழ்க் குடும்பங்கள் மட்டுமே மிஞ்சியுள்ளன. நகரத்துத் தாய்ச்சபையின் குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து நடத்துகிறார். மற்ற ஞாயிறுகளில் ஓய்வுபெற்ற கிராணியான (தோட்ட எழுத்தரான) என் தந்தைதான் முன்பு பிரட்டுக்கு, அதாவது தொழிலாளர்களைக் காலையில் ஒன்றுகூட்டுவதற்கு, அடித்த தண்டவாளத் துண்டை அடித்து எல்லாரையும் அழைத்து, ஜெப புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடத்தி வந்தார். இப்போது அவருக்குக் கண் தெரியவில்லை. அந்தப் பொறுப்பை என்னை ஏற்கச் சொல்கிறார்கள். நான் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை மேற்பார்வையாளர், இரண்டு பிள்ளைகளின் தாய். கூரையும் ஒழுகுகிறது. ஆலயத்தை மூடிவிட்டு எல்லாரையும் வேனில் நகர ஆலயத்துக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று சபைக் குழுவில் சிலர் சொல்கிறார்கள். குருவானவர் இல்லாத ஆராதனை அரைகுறையானதுதானே என்று என் கணவர் கேட்கிறார். பெண்ணான எனக்கு இந்தப் பணியைச் செய்யும் தகுதி உண்டா? முடிந்துபோன ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவருடைய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் தயக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. உங்கள் தந்தை நடத்தி வந்த காலை ஆராதனை குருவானவர் வராத குறையை ஈடுகட்ட எவரோ பின்னால் ஏற்படுத்திய மாற்று ஏற்பாடு என்று அவர் நினைக்கிறார் போலும். அது அப்படி அன்று. மடங்களில் துறவிகள் நாள் முழுவதும் பல வேளைகளில் சொல்லி வந்த மன்றாட்டுகளை 1549-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் கிரான்மர் காலை ஜெபம், மாலை ஜெபம் என்ற இரண்டுக்குள் சுருக்கி, மக்களின் மொழியில் மக்களின் கையில் கொடுத்தார். சங்கீதம், வேதபாடம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு ஆகிய எல்லாம் அதில் முழுமையாக உள்ளன. திருவிருந்தில் அப்பத்தையும் இரசத்தையும் பிரதிஷ்டை செய்வது, பாவமன்னிப்பை அறிவிப்பது, சபைக்கு ஆசி கூறுவது ஆகிய மூன்றும் குருவானவருக்கு உரியவை. அவர் இல்லாத நாளில் ஆராதனை நடத்துபவர் தன்னையும் சேர்த்துக்கொண்டு, “எங்களை மன்னியும்” என்று மன்றாடுகிறார். முடிவில் ஆசிக்குப் பதிலாகக் கிருபையின் வாக்கியத்தை எல்லாருடனும் சேர்ந்து சொல்கிறார். இது திருச்சபையே வகுத்த ஒழுங்கு. ஆகவே உங்கள் தந்தை இத்தனை ஆண்டுகளாகச் செய்தது முழுமையான ஆராதனை என்பதை உங்கள் கணவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கிராமப்புறத் திருமண்டலம் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி) எதுவாயினும் அது இந்த ஒழுங்கை நம்பித்தான் நிலைத்திருக்கிறது. நம் மொழி பேசிய ஒருவர் கட்டி எழுப்பிய தோர்ணக்கல் திருமண்டலத்தை நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, தம்மைப் போன்ற இளைஞர்களுடன் சேர்ந்து 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் தாமே தெலுங்கு நாட்டுக்கு ஊழியராகப் புறப்பட்டுப் போனார். 1912 டிசம்பரில் தோர்ணக்கல்லின் பேராயராக, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக, அருட்பொழிவு பெற்றார். அவருடைய சபைகளில் பெரும்பாலோர் சொந்த நிலமில்லாத மாலா, மாதிகா கூலி உழவர்கள். தொலைதூரக் கிராமங்கள், மோசமான சாலைகள், விரல் விட்டு எண்ணத்தக்க குருமார் என்ற நிலையில், ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குருவை வைப்பது என்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். அவர் மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றினார்; ஆனால் அன்றாடம் சபையைத் தாங்கியவர்கள் கிராமத்து ஆசிரியர்கள். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அதே மனிதர்கள், பெற்றோர் வயலிலிருந்து திரும்பிய பிறகு, விளக்கேற்றி ஒரு பாட்டும் ஒரு வேதக் கதையும் ஒரு மன்றாட்டுமாக மாலை ஜெபத்தை நடத்தினார்கள். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலின் வார்த்தைகளைச் சொல்லும்படி அசரியா அவர்களைப் பழக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளிடமும் ஊழியப் பொறுப்பை ஒப்படைக்க அவர் அஞ்சவில்லை. அவர் 1945-இல் மறைந்தபோது தோர்ணக்கல்லில் வேரூன்றிய சபைகள் இருந்தன என்றால், இந்த நம்பிக்கையே அதற்கு முதல் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் பேராயர் லியோனார்ட் வில்சனும் ஐரோப்பியக் குருமாரும் சிறைப்பட்டபோது, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஆராதனை நின்றுபோகாமல் காத்தவர்கள் உள்ளூர்க் குருமாரும், ஊதியம் எதுவும் பெறாத சாதாரண விசுவாசிகளும்தான். மேற்கு மலேசியத் திருமண்டலம் 1970-இல் தனியாக உருவாகி, இன்று பெரும்பாலும் நகரங்களைச் சார்ந்ததாகத் தோன்றினாலும், அதன் தமிழ்ப் பணியின் கணிசமான பகுதி லயங்கள் எனப்படும் தொழிலாளர் வீட்டு வரிசைகளின் நடுவே, கிராணிகளும் ஆசிரியர்களும் நடத்திய ஜெபக் கூட்டங்களில் வளர்ந்தது. உங்கள் தந்தை அந்த வரிசையில் நிற்கிறார்.

இனி, பெண்ணான உங்களுக்குத் தகுதி உண்டா என்ற கேள்வி. 1944-இல், போரினால் குருவானவர் எவரும் சென்றடைய முடியாமல் தவித்த மக்காவ் சபைக்காக, ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் புளோரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற பெண்மணியைக் குருவாக அருட்பொழிவு செய்தார். அது பெரும் சர்ச்சையாயிற்று. போர் முடிந்த பிறகு அந்தப் பெண்மணி குருத்துவப் பணி செய்யும் உரிமத்தைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார். பெண்களின் குருத்துவம் பற்றி ஆங்கிலிக்கன் உலகில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் உங்களிடம் கேட்கப்படுவது குருத்துவம் அன்று. ஜெப புத்தகத்தைத் திறந்து, வேதத்தை வாசித்து, உங்களுக்கு முன்னால் அமர்ந்திருக்கும் இருபது முப்பது பேரோடு சேர்ந்து மன்றாடச் சொல்கிறார்கள். உங்கள் தாயும் பாட்டியும் வீட்டில் இதைத்தானே செய்து வந்திருப்பார்கள்? ஆயினும் இதை உங்கள் விருப்பத்தின்பேரிலோ, ஊராரின் வற்புறுத்தலின்பேரிலோ மட்டும் தொடங்காதீர்கள். குருவானவரைச் சந்தித்து, குருவாகாமலே ஆராதனை நடத்தும் ‘வாசகர்’ பணிக்கான பயிற்சியையும் பேராயரின் எழுத்துப்பூர்வமான அனுமதியையும் கேளுங்கள். அந்த அனுமதி உங்களைக் காக்கும். நாளை உங்கள் பிரசங்கத்தில் குறை காண்பவர் எழுந்தால், நீங்கள் தனியாக நிற்க வேண்டியிராது. பிரசங்கத்துக்கு அனுமதி தாமதமானால், குருவானவர் எழுதித் தரும் பிரசங்கத்தை வாசியுங்கள். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

வேன் யோசனையைச் சொன்னவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே குருவானவர் மூன்று நான்கு ஆலயங்களுக்கு ஓடுவதையும், கூரைக்கான செலவு தாய்ச்சபையின் கணக்கில் விழுவதையும் அவர்கள் பார்க்கிறார்கள். ஆனாலும் அவர்களுடைய முடிவை நான் ஏற்கவில்லை. தோட்டத்தில் முதல் வரிசையில் அமர்ந்து, நூற்றிருபத்தொன்றாம் சங்கீதத்தைப் புத்தகமின்றி உரத்துச் சொல்லும் மூதாட்டி, நகர ஆலயத்தில் ஆங்கில ஆராதனை முடிந்து தமிழ் ஆராதனை தொடங்கும் வரை வாசலில் காத்திருந்து, பிறகு கடைசி வரிசையில் ஒரு விருந்தாளியாக உட்காருவார். மழை பெய்தால் வரமாட்டார். கால் வலித்தால் வரமாட்டார். சில மாதங்களில் வேன் காலியாக ஓடும், பிறகு ஓடாது. வேனுக்குச் செலவிட எண்ணியுள்ள வெள்ளியை முதலில் கூரைக்குச் செலவிடச் சொல்லிக் கேளுங்கள். தோட்டத்தை விட்டுப் போன பிள்ளைகள் தீவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நல்ல நிலையில் இருக்கிறார்கள் அல்லவா? அறுப்பின் பண்டிகையை இந்த ஆண்டு அவர்களுக்கு வசதியான ஒரு ஞாயிற்றில் வைத்து, காய்கறியும் கோழியும் ஏலம் விட்டு, எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து அசனம் உண்ண ஏற்பாடு செய்யுங்கள். தென்னிந்தியக் கிராமச் சபைகள் சமைக்கும்போதெல்லாம் எடுத்துவைத்த பிடி அரிசியைக் கொண்டே ஊழியரைத் தாங்கின. பதினொரு குடும்பங்களால் ஒரு கூரையைத் தாங்க முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டியதில்லை.

ஆலயம் ஒன்றை மூடுவது எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. அங்கே தொழ விரும்புவோர் எவரும் இல்லாதபோது, நன்றி கூறி மூடுவதே முறை. உங்கள் கடிதத்தில் அத்தகைய அறிகுறியை நான் காணவில்லை. பொறுப்பை ஏற்க ஆள் தேடி உங்களிடம் வந்திருக்கிறார்கள் என்பதே போதிய சான்று.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஆலயம் நிற்கும் நிலம் திருமண்டலத்தின் பெயரில் இருக்கிறதா, தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா? தோட்டங்கள் கை மாறியபோது பல கோயில்களும் சிற்றாலயங்களும் வாய்மொழி அனுமதியை மட்டும் நம்பி நின்றதால் இடம் இழந்தன. பழைய நிர்வாகி கொடுத்த கடிதம் ஏதேனும் உங்கள் தந்தையிடம் இருக்கக்கூடும். கிராணியாக இருந்தவர் காகிதத்தை எளிதில் தூக்கி எறிந்திருக்க மாட்டார். அதன் பிரதியைக் குருவானவர் வழியாகத் திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அதோடு, ஆலயத்தின் தகரப் பெட்டியில் இருக்கும் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். கறையானும் ஈரமும் அவற்றை விட்டுவைக்காது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலைந்த தோட்டத்துப் பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர். அத்தகைய குடும்பத்துக்குப் பழைய திருமுழுக்குப் பதிவின் ஒரு வரி ஒருவேளை துணைச் சான்றாக உதவலாம். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, மூலத்தைத் தாய்ச்சபையின் இரும்புப் பெட்டியில் ஒப்படையுங்கள்.

நீங்கள் தமிழ்க் குடும்பங்களை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்து லயங்களில் இன்று வேறு நாட்டுத் தொழிலாளர்கள் குடியிருப்பார்கள். அவர்களில் நேப்பாளத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்களை விசாரித்து அழையுங்கள். வருகிற ஒருவர் வேதபாடத்தைத் தமது மொழியில் ஒருமுறை வாசிக்கட்டும். நம் முன்னோரும் கப்பலேறி வந்து, யாரென்று அறியாத ஊரில், இதே லயங்களின் வாசலில் நின்றவர்கள்தான். இந்த ஆலயத்தின் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும் என்று தேடுபவர்கள் தங்கள் பிள்ளைகளின் பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

வேலையும் பிள்ளைகளும் உள்ள நீங்கள் எல்லாவற்றையும் ஒரே தோளில் சுமக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலையில் ஞாயிறு முறை வந்தால் யார் நடத்துவது என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்யுங்கள். காணிக்கைக் கணக்கும் சாவியும் ஒருவரிடம் இருக்கட்டும். நோயாளிகளைச் சந்திப்பது மற்றொருவரின் பணியாகட்டும். வேதபாடத்தைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் வாசிக்கட்டும், தடுமாறினாலும் பரவாயில்லை. உங்கள் தந்தைக்குக் கண்தான் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் சொன்ன மன்றாட்டுகள் மனப்பாடமாகவே இருக்கும். பொதுமன்றாட்டை அவரே சொல்லட்டும். அவரை ஓரத்தில் அமர வைத்துவிட்டு நீங்கள் நின்றால், அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனம் வாடுவார். கண்புரையாக இருந்தால், அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கும் வழி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் குருவானவரிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள். தோட்டத்தில் ஒருவர் இறந்து, குருவானவர் வந்துசேர முடியாத நிலை ஏற்பட்டால், அடக்க ஆராதனையை நீங்கள் நடத்தலாமா? பேராயரின் அனுமதி அதையும் உள்ளடக்கியதா? உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ள குழந்தைக்குத் தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில், எந்த விசுவாசியும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழமையான நெறி. அதற்கு அனுமதிக் கடிதம் வேண்டியதில்லை, பின்னர் குருவானவருக்குத் தெரிவித்துப் பதிவேட்டில் சேர்த்தால் போதும். மரண வீட்டில் கூட்டம் கூடிய பிறகு தொலைபேசியில் கேட்கும் நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. சபையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆலயத்தை மூடும் பேச்சு வருவதற்கு முன்பே, உங்கள் தந்தையையும் பதினொரு குடும்பங்களில் மூவர் நால்வரையும் அழைத்துக்கொண்டு குருவானவரைப் போய்ப் பாருங்கள். கூரைக்கான மதிப்பீடு, நிலத்தின் கடிதம், பொறுப்பேற்போரின் பெயர்கள் ஆகிய மூன்றும் அன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.