கிணற்றில் தோல் கழிவு, தென்னைக்கு ஜிப்சம் போட்டால் சரியாகுமா?

கேள்வி: வாணியம்பாடி பக்கம், பாலாற்றை ஒட்டி 3 ஏக்கர் தென்னை. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, ஓலை நுனி காய்கிறது, குரும்பை கொட்டுகிறது. 2 முறை ஜிப்சம் போட்டேன், பலன் இல்லை. தண்ணீர் கட்டும் நாளில் காலெல்லாம் அரிப்பு. இன்னொரு முறை போடலாமா?

பதில்: அண்ணா, இப்போதைக்கு ஜிப்சத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணாதீர்கள். ஜிப்சத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை விடுவிக்கும், அவ்வளவுதான், விடுபட்டதை வேருக்குக் கீழே கழுவி இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். நீங்கள் அதே உப்புக் கிணற்றையே பாய்ச்சினால் இறங்கினது திரும்ப ஏறிவிடும். மழைக்கு முன்னால் உழுது, வரப்பை உயர்த்தி, ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கினால் பலன் தெரியும்.

ஆனால் உங்கள் கிணற்றில் உப்பு மட்டும்தான் இருக்கிறதா என்பதே எனக்குக் கவலை. தோல் தொழிற்சாலைக் கழிவில் இரண்டு விஷயம் உண்டு: தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பு ஒன்று, பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் இன்னொன்று. தென்னையை இப்போது வாட்டுவது அநேகமாக உப்புதான். குரோமியம் உலோகம், அது மக்கிப் போகாது, எத்தனை வருஷமானாலும் மண்ணிலேயே கிடக்கும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு இன்னமும் அங்கே நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கழிவில் இருப்பது குரோமியத்தின் விஷம் அதிகமான வகை, ஆறு இணைதிறன் குரோமியம் என்பார்கள், அது தோலில் பட்டால் அரிப்பும் ஆறாத புண்ணும் வரும், புற்றுநோய்க்கும் காரணம் என்று உறுதியானது. கால் அரிப்புக்குக் காரணம் இதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், கிணற்று விவரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பரிசோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க எடுக்காதீர்கள். கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். மாட்டுக்கும் முடிந்தால் வேறு தண்ணீர் காட்டுங்கள். மண் பரிசோதனை நிலையத்தில் வழக்கமாக உப்பு, கார அமில நிலை, சத்துகள் பார்ப்பார்கள், குரோமியத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, பாசனத்துக்கு 0.1 வரை. தாண்டினால் கீரை, கிழங்கு வைக்க வேண்டாம், சவுக்கு மாதிரி வாயில் போகாத பயிருக்கு மாறுவது நல்லது. தொழு உரம் நிறையப் போடுங்கள், ஆறு இணைதிறன் குரோமியத்தை விஷம் குறைந்த வகையாக மாற்ற அது உதவும். சும்மா கிடைக்கிறதே என்று தோல் கழிவை உரமாக வாங்கிவிடாதீர்கள், தோல் துண்டுகளை எரிக்கவும் கூடாது, எரித்தால் சாம்பலில் அந்த மோசமான வகையே உருவாகும்.

அப்புறம், பணக் கணக்கு. பழைய வேலூர் மாவட்டத்தில் இதே பாதிப்புக்காக 2001-ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தார்கள், வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வராது. ஒரு குடும்பம் கேன் தண்ணீருக்கும் மருந்துக்கும் கொடுப்பதற்கே அது காணாது, போன தென்னையை யார் கணக்கில் எடுத்தார்கள்? 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சேதம் சரியாகும்வரை இழப்பீடு தொடர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதனால் தண்ணீர் கேன் ரசீது, மருத்துவச் சீட்டு, ஒவ்வொரு வெட்டிலும் எத்தனை காய் என்ற எண்ணிக்கை எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிவு வந்ததும் உப்பு அளவு, சோடியம் விகிதம், குரோமியம் மூன்றையும் எனக்கு எழுதுங்கள், ஏக்கருக்கு எவ்வளவு ஜிப்சம், எந்த மாதம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.