முதல் பௌலிங் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, எப்படித் தயாராவது?

கேள்வி: அலுவலக நண்பர்களோடு மாலில் டென்பின் பௌலிங் ஆடுவேன். 140 அளவில் ஸ்கோர் வரும். முதல்முறையாக ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், மூன்று வாரம் இருக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்?

நான் முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்ததை வீட்டில் சொன்னபோது என் மாமா கேட்டது: "ஸ்பின்னா, ஃபாஸ்டா?" பந்தை உருட்டிப் பத்துக் கட்டையை விழ வைக்கும் ஆட்டம் என்று விளக்கியதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. தமிழ்நாட்டுக்காரரான ஷபீர் தன்கோட் இதில் பலமுறை தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறார், 1978 பாங்காக் ஆசிய விளையாட்டிலேயே இந்த ஆட்டம் இருந்தது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. உங்கள் வீட்டிலும் இதற்குத் தயாராக இருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பயிற்சியாளர் இல்லை. சென்னையில் ஐடி வேலை, வாரத்தில் இரண்டு நாள் ஆட்டம், இதுவரை நான்கு போட்டிகள். முதல் போட்டிக்குப் போனபோது நானும் உங்களைப் போல 140-150 ஆள்தான். அதற்கு முந்தைய மூன்று வாரமும் ஸ்ட்ரைக் போடுவதையே, அதாவது முதல் பந்திலேயே பத்தையும் விழ வைப்பதையே பழகினேன். யூடியூபில் பார்த்துக் கையைத் திருப்பிப் பந்தை வளைக்கப் பார்த்தேன். அந்த நேரமெல்லாம் வீண்.

ஏன் வீண் என்று கணக்குப் போட்டால் தெரியும். ஓர் ஆட்டத்தில் பத்து ஃபிரேம், ஃபிரேமுக்கு இரண்டு பந்து. ஒவ்வொரு ஃபிரேமிலும் முதல் பந்தில் 9 பின் (கட்டை) விழுகிறது, மிச்சமிருக்கும் ஒன்றை விட்டுவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90. அதே 9 விழுந்து, மிச்சமிருக்கும் ஒன்றையும் ஒவ்வொரு முறையும் எடுத்து (இதுதான் ஸ்பேர், அடுத்த பந்தின் புள்ளியும் அதோடு சேரும்), கடைசிக் கூடுதல் பந்திலும் 9 விழுந்தால் 190. ஸ்ட்ரைக் ஒன்றுகூட இல்லை. தனியாக நிற்கும் ஒரு பின்னை எடுக்கிறீர்களா விடுகிறீர்களா என்பதில் மட்டும் நூறு புள்ளி இருக்கிறது.

என் முதல் போட்டியில் ஆறு ஆட்டம் சேர்த்து 868 எடுத்தேன். அடுத்த சுற்றுக்குப் போன கடைசி ஆளுக்கு 917. என் நண்பன் பின்னால் உட்கார்ந்து முழுவதையும் ஃபோனில் வீடியோ எடுத்திருந்தான். அன்று இரவு அதை ஓட்டிப் பார்த்து எண்ணினேன். வலது மூலையில் இருக்கும் பத்தாம் பின் மட்டும் 11 முறை தனியாக நின்றிருக்கிறது. நான் எடுத்தது 3 முறை. ஸ்பேர் போட்டால் அடுத்த பந்தின் புள்ளியும் அதோடு சேரும் என்பதால், ஒற்றைப் பின்னை ஒருமுறை விட்டால் 8 முதல் 11 புள்ளி வரை போகும். விட்ட எட்டில் ஆறேழு எடுத்திருந்தால் உள்ளே போயிருப்பேன். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஆகவே உங்கள் மூன்று வாரத்தில் முதல் இரண்டை ஸ்பேருக்கே கொடுங்கள். வலது கைக்காரர் என்று வைத்துச் சொல்கிறேன், இடது கை என்றால் பக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாலில் ஸ்பேர் பழகுவதில் ஒரு சிக்கல் உண்டு. இயந்திரம் எப்போதும் பத்துப் பின்னையும்தான் நிறுத்தும், பத்தாம் பின்னை மட்டும் நிறுத்தச் சொல்ல முடியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. எங்கள் சென்டருக்கு வார நாட்களில் காலை 11 மணிக்கு வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் சொல்லிக் கொடுத்தது. முதல் பந்தைப் பத்தாம் பின்னுக்கு மட்டும் போட வேண்டும், வேறு எதுவும் விழக்கூடாது. இரண்டாவது பந்தை இடது மூலையில் இருக்கும் ஏழாம் பின்னுக்குப் போட வேண்டும், அப்போதும் வேறு எதுவும் விழக்கூடாது. எல்லாம் சரியாக நடந்தால் ஃபிரேமுக்கு 2, ஆட்டத்துக்கு 20. முதல் பந்து பின்னைத் தொடாமல் ஓரப் பள்ளமான கட்டரில் விழுந்தால் 10 என்று எழுதிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றுவது சுலபம். குறைந்த ஸ்கோர்தான் வெற்றி.

இதை ஆடும்போது கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டும். ஒரு நாள் திரையில் 1, 1, 1, 2 என்று ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து லேனில் ஒரு பையன், "அப்பா, அந்த அங்கிளுக்கு ஆடவே தெரியல" என்றான். அன்று கட்டரையும் சேர்த்து எனக்கு 38. அதுவரை என் சிறந்த ஆட்டம் அதுதான்!

குறி வைப்பது எப்படி? பின்னைப் பார்த்துப் போடாதீர்கள். முன்னால் நிற்கும் தலைப்பின், நாம் பந்து போடும் கோட்டிலிருந்து 60 அடி தள்ளி இருக்கிறது. லேனில் வரைந்திருக்கும் ஏழு அம்புக்குறிகள் சுமார் 15 அடியிலேயே வந்துவிடும். பக்கத்தில் இருப்பதைக் குறி வைப்பதுதானே சுலபம். லேனின் அகலத்தில் 39 பலகைகள், ஐந்து பலகைக்கு ஓர் அம்பு. ஸ்ட்ரைக்குக்கு நீங்கள் நிற்கும் இடத்தை முதலில் நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். தலைப்பின்னுக்கு வலப்பக்கம் இருக்கும் மூன்றாம் பின் நின்றால் அங்கிருந்து காலை 3 பலகை இடப்பக்கம் நகர்த்தி, அதே அம்பின் மேலேயே போடுங்கள். ஆறாம் பின்னுக்கு 6 பலகை, பத்தாம் பின்னுக்கு 9. இடப்பக்கம் நிற்கும் 2, 4, 7 ஆகிய பின்களுக்கு இதே 3, 6, 9 கணக்கில் வலப்பக்கம் நகர வேண்டும். இது ஆரம்பக் கணக்குதான். உங்கள் கைக்கு 9 என்பது 8 ஆகவோ 11 ஆகவோ இருக்கலாம், அதைக் கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் பயிற்சி. என் நோட்டில் பத்தாம் பின்னுக்கு 10 என்று இருக்கிறது.

பத்தாம் பின்னுக்குப் பந்தை வளைக்க நினைக்காதீர்கள். நேராகக் குறுக்கே போகட்டும். ரேக்கில் இருக்கும் பொதுப் பந்துகள் பிளாஸ்டிக் என்பதால் அவை பெரிதாக வளையாது. நம்மைப் போன்றவர்களுக்கு அது நல்லதுதான். சொந்தப் பந்து வைத்திருப்பவர்களும் ஸ்பேருக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் பந்து கொண்டு வருவதைப் போட்டியில் பார்ப்பீர்கள்.

அடுத்தது, யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லாத ஒன்று: ஃபவுல் விளக்கு, கால் கோட்டைத் தாண்டினால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுப்பது. பல மால்களில் அதை அணைத்து வைத்திருப்பார்கள். கோட்டைத் தாண்டி நின்று போட்டாலும் யாரும் கேட்பதில்லை. முதல் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே எனக்கு மூன்று முறை அந்தச் சத்தம் கேட்டது. ஒன்று ஸ்ட்ரைக்! பத்தும் விழுந்தன, நான் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன், திரையில் 'எஃப்' என்று இருந்தது. அந்தப் பந்துக்குச் சுழியம். பின்களை மறுபடி நிறுத்துவார்கள், இரண்டாவது பந்தில் பத்தும் விழுந்தால் ஸ்பேராகக் கணக்கு. எனக்கு அப்போது ஆறுதான் விழுந்தது. இரண்டு வருடமாகக் கால் கோட்டைத் தாண்டிப் பழகியது எனக்கே தெரியாது. நாளைக்கே யாரையாவது உங்கள் காலைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தாண்டினால் தொடங்கும் இடத்தை ஓர் அடி பின்னால் தள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் இதை மாற்றினால் நடை மொத்தமும் குழம்பும், இப்போதே செய்துவிடுங்கள்.

ஆயிலைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். லேன் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய எண்ணெய் பூசியிருக்கும். மாலில் வழக்கமாக நடுவில் கூடுதலாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவார்கள். வளைத்துப் போடுபவரின் பந்து கொஞ்சம் வலப்பக்கம் தப்பினால் உலர்ந்த ஓரம் அதைப் பிடித்து உள்ளே திருப்பும். உள்பக்கம் தப்பினால் எண்ணெயில் வழுக்கி நேராகப் போய்விடும். இரண்டு தப்பையும் லேனே மன்னித்துவிடுகிறது. போட்டிகளில் இன்னும் சமமாகப் பூசுவது உண்டு, அங்கே தப்பியது தப்பியதுதான். நீங்கள் நேராக உருட்டுபவர் என்றால் இது உங்களை அவ்வளவாகப் பாதிக்காது, இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பந்துகள் ஓட ஓட ஒரே தடத்தில் எண்ணெய் குறைந்துகொண்டே போகும். நாலாவது ஆட்டத்தில், அதே மாதிரி போட்ட பந்து தலைப்பின்னுக்கு இடப்பக்கம் போகத் தொடங்கும். அப்போது கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் காலை நகர்த்துங்கள். பந்து எந்தப் பக்கம் தப்புகிறதோ அந்தப் பக்கமே நகர வேண்டும்: இடப்பக்கம் தப்பினால் கால் 2 பலகை இடப்பக்கம், குறி 1 பலகை இடப்பக்கம். எங்கள் சென்டரில் இயந்திரம் பார்க்கும் அண்ணனிடம் எப்போது ஆயில் போடுவார் என்று கேட்டு வைத்திருக்கிறேன். போட்ட உடனே ஒருநாள், மறுநாள் கூட்டமெல்லாம் ஆடி முடித்த பிறகு ஒருநாள் என்று ஆடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாளாவது ஆறு ஆட்டத்தைத் தொடர்ச்சியாக ஆடிப் பாருங்கள். மாலில் நாம் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு பாப்கார்ன் வாங்கப் போய்விடுவோம். ஆறு ஆட்டம் என்றால் நூறு பந்துக்கு மேல். 14 பவுண்டு பந்து கிட்டத்தட்ட 6.35 கிலோ. கூட்டிப் பார்த்தால் 600 கிலோவுக்கு மேல் தூக்கி வீசுகிறீர்கள். ஐந்தாவது ஆட்டத்தில் எனக்குத் தொடையும் கட்டைவிரலும் சேர்ந்து மக்கர் செய்தன. விரல் வீங்கித் துளையில் மாட்டிக்கொண்டது, பந்தைப் பயந்து பயந்து விட்டேன். ஒரு பவுண்டு குறைந்த பந்தை எடுத்திருக்கலாம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆறாவது ஆட்டத்தில் தோளை இழுக்காமல் ஆட முடிகிறதா என்பதைத்தான் பார்ப்பேன். அப்புறம், போட்டியில் நம் முறை வரும்வரை உட்கார்ந்தே இருப்போம், உடம்பு ஆறிவிடும். இடையிடையே எழுந்து நடங்கள். அந்த ஆறு ஆட்டப் பயிற்சிக்குப் பிறகு, போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் பந்தைத் தொடவே வேண்டாம்.

புதுப் பந்து வாங்கலாமா என்று யோசித்தால், இப்போது வேண்டாம். பொதுப் பந்தில் விரல்கள் இரண்டாவது கணுவரை உள்ளே போகும். நம் கைக்கென்று துளையிடும் பந்தில் பெரும்பாலும் முதல் கணுவரைதான். அந்தப் பிடி பழகவே பல வாரம் ஆகும். அந்த சென்டரின் பந்தையே போட்டியில் பயன்படுத்தலாமா என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள், விடுவார்கள் என்றால் முன்கூட்டியே போய் விரலுக்குப் பொருந்தும் ஒன்றைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது நீல நிறம், 13 பவுண்டு, ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு.

போட்டி நாளன்று ஒரு துண்டு, விரலுக்கு டேப், தண்ணீர் போதும். இட்லி சாப்பிட்டுப் போங்கள், பிரியாணியை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பௌலிங் ஷூவோடு கழிவறைக்குப் போகாதீர்கள். அடிப்பாகம் ஈரமானால் வழுக்க வேண்டிய கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். என் பக்கத்து லேன்காரர் அப்படித்தான் பந்தோடு சேர்ந்து குப்புற விழுந்தார். நல்லவேளை, முட்டி சிராய்ப்போடு போனது. இன்னொன்று: பக்கத்து லேனில் ஒருவர் பந்தோடு நின்றுவிட்டால் அவர் போடும்வரை காத்திருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு முதல் வாய்ப்பு. மாலில் யாரும் இதைப் பார்ப்பதில்லை, போட்டியில் முறைப்பார்கள்.

ஹேண்டிகேப், அதாவது சராசரி குறைந்தவர்களுக்குத் தரும் கூடுதல் புள்ளி, உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். உதாரணத்துக்கு, 200-க்கும் உங்கள் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 80 சதவீதம் தருகிறார்கள் என்றால், 140 சராசரிக்கு ஆட்டத்துக்கு 48 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். அப்படியானால் பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை, உங்கள் சராசரியைத் தாண்டினாலே மேலே வருவீர்கள்.

இரண்டாவது போட்டியில் எனக்கு 978 வந்தது. பத்தாம் பின் 9 முறை நின்றது, 7 முறை எடுத்தேன். பன்னிரண்டு பேரைத்தான் அடுத்த சுற்றுக்கு எடுத்தார்கள், நான் பதினான்காவது. அந்த இரண்டையும் விட்டது ஒரே ஆட்டத்தில், அடுத்தடுத்த ஃபிரேமில். அதன் வீடியோவும் என் ஃபோனில் இருக்கிறது.