டெலிஹேண்ட்லரா, ஃபோர்க்லிஃப்டா? கட்டுமானத் தளத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கட்டுமான இயந்திரங்களை வாடகைக்கு அனுப்புவதும் பராமரிப்பதும் என் தொழில். தளத்தில் சுமை ஏற்றி இறக்க எந்த இயந்திரத்தை எடுப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஃபோர்க்லிஃப்ட், முன்னாலுள்ள செங்குத்துத் தூணில் (மாஸ்ட்) ஏறி இறங்கும் இரும்புக் கரங்களால் (ஃபோர்க்) சரக்கைத் தூக்குவது; டெலிஹேண்ட்லர், அதே ஃபோர்க்கை நீண்டு சுருங்கும் கரத்தின் (பூம்) நுனியில் கொண்டது. அவற்றுள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் தருகிறேன்.

கேள்வி (ஓசூர்): சிப்காட் அருகே தரைத்தளமும் இரண்டு மேல்தளங்களும் கொண்ட தொழிற்கூடம் கட்டுகிறோம். ஏஏசி பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்), சிமென்ட், டைல்ஸ் எல்லாம் பேலட்டில், அதாவது ஃபோர்க் நுழையும்படி செய்த மரத்தட்டில், வருகின்றன. எந்தப் பேலட்டும் 1.5 டன்னுக்கு மேல் இல்லை. எனவே 3 டன் ஃபோர்க்லிஃப்ட் தாராளமாகப் போதும் என்கிறார் எங்கள் பொறியாளர். சரிதானா?

பதில்: எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது தரை. எடை அதற்கு அடுத்ததுதான்.

ஃபோர்க்லிஃப்ட் நம் ஊர்க் கிணற்று ஏற்றம் போன்றது. முன் அச்சுதான் அதன் தாங்குபுள்ளி. முன்னால் சரக்கு, பின்னால் அதை ஈடுகட்டும் இரும்புப் பாளம். 3 டன் வகை இயந்திரத்தின் சொந்த எடையே சுமார் நாலேகால் முதல் நாலரை டன் இருக்கும். முழுச் சுமை ஏற்றிய நிலையில் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு முன் சக்கரங்கள் இரண்டின் மீதே இறங்கிவிடும். அந்தச் சக்கரங்களோ கிடங்குத் தரைக்கென்று செய்யப்பட்ட சிறிய சக்கரங்கள். கிராவல் கொட்டி ரோலர் விடாத மண்ணில், ஒரு மழை பெய்த மறுநாள், அவை புதைவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

புதைந்தால் இழுத்து வெளியே எடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முன் சக்கரங்களின் இடைவெளி 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கச் சக்கரம் 5 செ.மீ. இறங்கினால், 4 மீட்டர் உயரத்தில் நிற்கும் சரக்கு பக்கவாட்டில் 20 செ.மீ. நகர்ந்துவிடும். பின் அச்சு நடுவில் ஒரே முனையில் ஊசலாடும்படி பொருத்தப்பட்டிருப்பதால், இயந்திரம் நான்கு சக்கரங்களில் நிற்பதுபோல் தோன்றினாலும் அதன் நிலைப்பு மூன்று புள்ளிகளுக்கு இடைப்பட்ட முக்கோணத்துக்குள்தான் இருக்கிறது. எடைமையம் அந்த முக்கோணத்தின் ஓரத்தைத் தாண்டினால் வண்டி கவிழும்.

டெலிஹேண்ட்லருக்குப் பெரிய காற்றுச் சக்கரங்கள், நான்கு சக்கர இயக்கம், அடியில் சுமார் 40 செ.மீ. இடைவெளி எல்லாம் உண்டு. மேடு பள்ளத்தில் ஓடுவதற்கென்றே உருவான இயந்திரம் அது. ஆகவே உங்கள் முற்றம் மண்ணாக இருக்கும் வரை டெலிஹேண்ட்லரை வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளக் கான்கிரீட் முடிந்து, உள்ளே அடுக்கும் வேலை மட்டும் மிஞ்சும்போது அதை அனுப்பிவிட்டு ஃபோர்க்லிஃப்ட்டை வரவழையுங்கள். இரண்டில் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை வைத்திருப்பது பெரும்பாலும் பணத்தை வீணாக்குவதாகவே முடிகிறது.

கேள்வி (அதே தளம்): மேல்தளத்துக்கு ஏற்றுவதில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? உயரம் எட்டினால் போதாதா?

பதில்: போதாது. ஃபோர்க்லிஃப்ட்டின் மாஸ்ட் நேர்மேலாக மட்டுமே தூக்கும். சரக்கைத் தளத்தின் விளிம்பில் வைக்க வேண்டுமானால் வண்டியின் மூக்கு சுவரை ஒட்டி நிற்க வேண்டும். அங்கே சாரம் கட்டியிருப்பீர்கள், அல்லது அஸ்திவாரத்தை ஒட்டிய பள்ளம் மூடப்படாமல் கிடக்கும், அல்லது கம்பி வளைக்கும் மேசை நிற்கும். டெலிஹேண்ட்லர் மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நின்றபடியே பூமை நீட்டி, சாரத்தின் இடைவெளி வழியாகப் பேலட்டை உள்ளே வைத்துவிடும். டாரஸ் லாரியின் ஒரு பக்கம் மட்டுமே நெருங்க முடிகிற குறுகிய மனையில், மறுபக்கத்துப் பேலட்டையும் அதே பக்கத்தில் நின்று எடுக்க முடிவது இன்னொரு வசதி.

கேள்வி (கோயம்புத்தூர்): 4 டன் டெலிஹேண்ட்லர் என்று எடுத்தோம். மூன்றாவது மாடிக்கு ஒன்றரை டன் பேலட்டை நீட்டியபோது பாதியில் நின்றுவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: ஏமாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. பெயர்ப் பலகையிலுள்ள எடை, பூமை முழுவதும் உள்ளிழுத்து, சரக்கு முன் சக்கரத்தை ஒட்டி நிற்கும்போது தூக்கக்கூடியது. பூம் நீள நீளத் திறன் சரிந்துகொண்டே போகும். 17 மீட்டர் வகை 4 டன் இயந்திரங்கள் முழு உயரத்தில் ஏறக்குறைய 2.5 டன் தூக்கும்; ஆனால் கிடைமட்டமாக முழுவதும் நீட்டினால் அரை டன்னைச் சற்றே தாண்டும், அதுவும் ஊன்றுகால்களை இறக்கி வைத்த பிறகு. இந்த விவரம் முழுவதும் ஓட்டுநர் அறையில் சுமை அட்டவணையாக வரைந்து ஒட்டப்பட்டிருக்கும். நெடுக்கு அச்சில் உயரம், கிடை அச்சில் தூரம், இடையிலுள்ள கட்டங்களில் அனுமதிக்கப்பட்ட எடை. இயந்திரம் சமதளத்தில், உறுதியான தரையில், உரிய காற்றழுத்தம் உள்ள சக்கரங்களில் நிற்கிறது என்பதே அந்த அட்டவணையின் அடிப்படை.

இயந்திரத்தின் பெயரிலேயே சிறிது தகவல் உண்டு. 1977இல் ஜேசிபி அறிமுகப்படுத்திய லோடால் வரிசையில் 530-70 என்றால் 3.0 டன், 7.0 மீட்டர். இரண்டும் தனித்தனி உச்சங்கள் என்பதை மறந்து, 3 டன்னை 7 மீட்டர் தள்ளி வைக்கலாம் என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் மிக மோசமான நிலை எது என்று கண்டுபிடியுங்கள்: எந்தத் தளம், முன் சக்கரத்திலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை கிலோ. அந்த ஒரு புள்ளியை அட்டவணையில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பேலட்டை இரண்டாகப் பிரித்து ஏற்றுவதும் ஒரு வழிதான். பெரிய இயந்திரத்துக்கு மாறுவதைவிட அது பல நேரங்களில் மலிவு.

கேள்வி (கோயம்புத்தூர்): மேலே இருக்கும்போது எச்சரிக்கை ஒலி வரவில்லை, பூமை இறக்கும்போதுதான் ஒலித்து நின்றுவிடுகிறது. சென்சார் கோளாறு, ஒயரைக் கழற்றிவிடலாம் என்கிறார் ஆபரேட்டர்.

பதில்: கழற்றவே கூடாது. சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதே நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது.

பூமின் நீளம் 14 மீட்டர் என்று கொள்வோம். 60 பாகைக் கோணத்தில் அதன் நுனி, பூம் பொருந்திய மூட்டிலிருந்து கிடைமட்டமாக 7 மீட்டர் தள்ளியிருக்கும். அதே நீளத்தை வைத்துக்கொண்டு 30 பாகைக்கு இறக்கினால் அந்தத் தூரம் 12 மீட்டரைத் தாண்டும். முழுவதும் படுக்க வைத்தால் 14 மீட்டர். மூட்டு வண்டியின் பின்பகுதியில் இருப்பதால் முன் சக்கரத்திலிருந்து அளந்தால் சற்றுக் குறையும், ஆனால் விளைவு அதுவே: சரக்கை இறக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மையில் அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறோம். பின் சக்கரங்கள் மேலெழும் விபத்துகள் பல இப்படித்தான் நிகழ்கின்றன. முதலில் பூமை உள்ளிழுக்க வேண்டும், பிறகு இறக்க வேண்டும். ஒயரைக் கழற்றச் சொல்லும் ஆபரேட்டருக்கு இந்த வரிசை தெரியவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். அவரிடம் அந்த இயந்திரத்தை விட்டுவைக்கவும் மாட்டேன்.

கேள்வி (திருச்சி): தளத்தில் ஏற்கெனவே ஹைட்ரா (நடமாடும் கிரேன்) இருக்கிறது. அது செய்யாத எதை டெலிஹேண்ட்லர் செய்துவிடப் போகிறது?

பதில்: நம் ஊரில் டெலிஹேண்ட்லருக்கு உண்மையான போட்டி ஃபோர்க்லிஃப்ட் அன்று, ஹைட்ராதான். ஹைட்ரா கொக்கியில் தொங்கவிட்டுத் தூக்குவது. மேல்தளம் வார்த்து முடித்த கட்டடத்தில், அதன் அடியில் உள்ள தளத்துக்குள் பேலட்டைச் செருக அதனால் முடியாது. கயிறு மேல் விளிம்பில் இடிக்கும். ஆட்கள் விளிம்பில் நின்று ஆடும் சரக்கை உள்ளே இழுக்கத் தொடங்குவார்கள், அது ஆபத்தான பழக்கம். மேலும் ஒவ்வொரு முறையும் பெல்ட் கட்டவும் அவிழ்க்கவும் இரண்டு ஆட்கள் வேண்டும். நாளுக்கு ஐந்தாறு முறைதான் தூக்க வேண்டும் என்றால் ஹைட்ராவே போதும், புதிதாக ஒன்றை எடுக்க வேண்டாம். பேலட் சரக்கு நாள் முழுக்க வந்துகொண்டிருந்தால் டெலிஹேண்ட்லர் தன் வாடகையைச் சம்பாதித்துக்கொடுக்கும்.

கேள்வி (திருச்சி): 12 மீட்டர் கம்பிக் கட்டுகளை எதில் இறக்குவது?

பதில்: ஹைட்ராவில்தான். ஃபோர்க்கில் குறுக்கே வைத்த 12 மீட்டர் கம்பி இருபுறமும் தொய்ந்து ஆடும். வண்டி திரும்பும்போது எதிரே வருபவரைத் தட்டும்.

கேள்வி (மதுரை): கதவுச் சட்டங்கள் அடுக்கிய பெட்டி, முன்பின்னாக 1.5 மீட்டர் ஆழம், எடை 2.5 டன். 3 டன் ஃபோர்க்லிஃப்ட் தூக்குமா?

பதில்: தூக்காது. 3 டன் என்பது, சரக்கின் எடைமையம் ஃபோர்க்கின் முகப்பிலிருந்து (சரக்கின் பின்புறம் ஒட்டி நிற்கும் செங்குத்துப் பகுதி) 500 மி.மீ. தூரத்தில் இருக்கும்போது சொல்லப்படும் திறன். உங்கள் பெட்டியின் மையம் 750 மி.மீ. தள்ளியிருக்கிறது. முன் அச்சிலிருந்து ஃபோர்க் முகப்பு வரை 450 மி.மீ. என்று கொண்டால், 3000 கிலோவை 950ஆல் பெருக்கி 1200ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 2375 கிலோ. இது தோராயக் கணக்கு மட்டுமே. இறுதி எண்ணை வண்டியிலுள்ள தகட்டில் பாருங்கள். ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் சைடு ஷிஃப்டர் போன்ற துணைக்கருவி பொருத்தியிருந்தால் திறன் இன்னும் குறையும்.

கேள்வி (சென்னை): அடியில் கார் நிறுத்துமிடம் உள்ள அடுக்குமாடிக் கட்டடம். தரைத்தள ஸ்லாப் மீது ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டலாமா?

பதில்: கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கொடுக்காமல் ஓட்டக் கூடாது. ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலைப்படி குடியிருப்பு அறைகளுக்கு எடுக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. 3 டன் சுமந்த ஃபோர்க்லிஃப்ட்டின் ஒரு முன் சக்கரமே, உள்ளங்கை இரண்டு மூன்றைச் சேர்த்துவைத்த அளவுள்ள இடத்தில், 3 டன்னுக்கு மேல் இறக்குகிறது. 17 மீட்டர் டெலிஹேண்ட்லர் சுமையின்றியே சுமார் 12 டன். எனவே டெலிஹேண்ட்லர் வெளியே மண்தரையில் நின்று விளிம்பில் வைக்கட்டும். உள்ளே கையால் இழுக்கும் பேலட் டிரக்கில், அதுவும் சுமையைக் குறைத்துக் கொண்டுபோங்கள்.

கேள்வி (சென்னை): ஃபோர்க்கில் பேலட் வைத்து, பூச்சு வேலைக்குக் கொத்தனாரை ஏற்றலாமா?

பதில்: கூடாது. அந்த இயந்திரத்துக்கென்று உற்பத்தியாளர் அனுமதித்த ஆள்மேடை இருந்தால், அதன் விதிப்படி மட்டுமே.

கேள்வி (செங்கல்பட்டு): எங்களிடம் அனுபவமுள்ள ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் இருக்கிறார். அவரையே டெலிஹேண்ட்லருக்கு வைத்துக்கொண்டு, இயந்திரத்தை மட்டும் வாடகைக்கு எடுக்கலாமா? ஒப்பந்தத்தில் எதைக் கவனிப்பது?

பதில்: தனிப் பயிற்சி பெறாமல் அவரை உட்கார வைக்காதீர்கள். ஃபோர்க்லிஃப்ட்டில் அவர் நடுவில் அமர்ந்து மாஸ்ட்டின் ஊடே முன்னால் பார்த்துப் பழகியவர். டெலிஹேண்ட்லரில் அறை இடப்பக்கம்; வலப்பக்கத்தைப் பூம் மறைக்கிறது. அந்தப் பக்கம் நிற்கும் சித்தாள் அவர் கண்ணில் படவே மாட்டார். முன் சக்கரம், நான்கு சக்கரம், நண்டு நடை (நான்கும் ஒரே பக்கம் திரும்பி வண்டி சாய்வாக நகர்வது) என மூன்று வகையில் திருப்பலாம் என்பதும் புதியவரைக் குழப்பும். வகையை மாற்றும் முன் சக்கரங்களை நேராக்கத் தவறினால் வண்டி எதிர்பாராத பக்கம் போகும்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, வழக்கமாக மாத வாடகை 26 நாள், நாளுக்கு 10 மணி நேரம் என 260 மணிக்குப் பேசப்படும். அதற்கு மேல் ஓடும் மணிக்கும், பழுதாகி நிற்கும் நாளுக்கும் என்ன கணக்கு என்று எழுதி வாங்குங்கள். டிரெய்லரில் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லும் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். தகுதி பெற்ற நபர் சோதித்துக் கொடுத்த சான்றின் தேதியைப் பாருங்கள். இயந்திரம் வந்து இறங்கியதும் அறைக்குள் ஏறி, சுமை அட்டவணை கிழியாமல் படிக்கும்படி இருக்கிறதா, அது அதே மாடலுக்கு உரியதுதானா என்று சரிபாருங்கள். வேறு மாடலின் அட்டவணை ஒட்டிய வண்டியை ஏற்காமலே திருப்பி அனுப்பலாம்; அதற்கான உரிமையையும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.