மணல் தொட்டியை வெறுக்கும் கிழப் பூனை

கேள்வி: எங்கள் பூனைக்கு 14 வயது. இத்தனை நாள் ஒழுங்காக லிட்டர் பாக்ஸில் (மணல் தொட்டியில்) போனது, இப்போது அதன் பக்கத்திலேயே தரையில் சிறுநீர் கழிக்கிறது. வீம்பா, வயதா?

பதில்: வீம்பு இல்லை. தொட்டி வரை வந்துவிட்டு அதற்கு வெளியே சிறுநீர் கழிக்கிறது என்றால், பெரும்பாலும் உள்ளே ஏறுவதுதான் சிரமம். வயதான பூனைகளுக்கு மூட்டுவலி சகஜம். அதை வெளியே காட்டிக்கொள்ளாது.

ஆனாலும் முதலில் கால்நடை மருத்துவரிடம் சிறுநீர், ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தைராய்டு மிகைச் சுரப்பு மூன்றிலும் சிறுநீர் அளவு கூடும். தொட்டி சீக்கிரம் நனைந்துவிடும், ஈர மணலைப் பூனை மிதிக்காது. முக்கியும் சிறுநீர் வரவில்லையா? அது அவசரம், குறிப்பாக ஆண் பூனைக்கு. அன்றே கொண்டுபோங்கள்.

தொட்டியின் ஒரு பக்கத்தை 6 செ.மீ. உயரம் மட்டும் மிஞ்சும்படி வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். நீளம் பூனையின் உடலைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். மூடி வேண்டாம். வாசனை சேர்க்காத, பொடி மணல் 3 முதல் 5 செ.மீ. போதும், ஆழமாகப் போட்டால் வலிக்கும் கால் புதைந்து தடுமாறும். ஈரத்தில் இறுகிய மணல் கட்டிகளைத் தினம் இருமுறை அள்ளுங்கள். ஒற்றைப் பூனைக்கும் இரண்டு தொட்டி வையுங்கள், ஒன்று அது தூங்கும் இடத்துக்கு அருகில்.

தரையை என்சைம் கிளீனரால் (சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்) துடையுங்கள். அமோனியா கலந்தது கூடாது, அந்த நெடி சிறுநீரை நினைவூட்டி மறுபடி அங்கேயே இழுக்கும். திட்டினால் ஒளிந்து சிறுநீர் கழிக்கப் பழகும், அவ்வளவுதான்.